தோழன் பணியில் இருக்கிறான்

வேலையில் சேர்ந்த அன்று மச்சான் அவன் கையில் ஒரு தலைக்கயிற்றைக் கொடுத்து, "இதுதான் தோழன். கெட்டியாப் பிடிச்சுக்க, கொஞ்சம் முரடு" என்றார்.

தலைக்கயிற்றுக்குள் குதிரை இல்லை. உள்பக்கம் வழவழவென்று தேய்ந்த தோல் வார், ஓர் இரும்பு வளையம், அதிலிருந்து தொங்கும் நீளக் கயிறு, அவ்வளவுதான் இருந்தது. அவன் கயிற்றைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், திருதிருவென்று விழித்தான். மனைவியின் அண்ணன் என்ற உரிமையில் மச்சான் அவனைக் கேலி செய்யாத நாளில்லை. ஆனால் கேலி செய்யும்போது அவருக்குக் காது சிவக்கும். இன்று சிவக்கவில்லை.

"குதிரை எங்க மச்சான்?"

"செத்துப்போச்சு மாப்பிள்ளை. போன பருவத்துல."

"அப்ப இது?"

"அதான் சொன்னேனே. தோழன்."

அவன் அதுவரை ஒரு திரையரங்க வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன். இருட்டில் டார்ச் அடித்து, வந்தவர்களை இருக்கையில் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை. அரங்கத்தை மூடிவிட்டார்கள். அவனும் மனைவியும் மச்சான் வீட்டு முன்னறையில் வந்து ஒண்டினார்கள். மச்சான்தான் யார் யாருடைய கையையோ காலையோ பிடித்து இந்த நிலையத்தில் அவனைச் சேர்த்துவிட்டார். தற்காலிக வேலை. அங்கே யாரும் அவன் பெயரைக் கேட்கவில்லை. "தற்காலிகம், தண்ணி எடுத்துட்டு வா", "தற்காலிகம், லாயத்தைக் கூட்டு" என்றே கூப்பிட்டார்கள். அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

நிலையத்தின் முழுப்பெயர் 'இயற்கைமுறைக் குதிரை இனவிருத்தி நிலையம்'. பெயர்ப்பலகையில் இயற்கை என்ற சொல் மட்டும் மற்றதைவிடப் பெரிதாக, பச்சையில் இருந்தது. ஊசி, குழாய் எதுவும் கிடையாது. ஆணும் பெண்ணும் தாங்களாகவே கூடிக் குட்டி போட வேண்டும் என்பது கொள்கை. தாங்களாகவே கூடுவதைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு இருந்தது. குழு வந்து நாற்காலியில் உட்காராமல் அந்த வளாகத்துக்குள் எந்த இயற்கையும் நடக்கக் கூடாது.

நிலையத்தின் பெருமை துரை என்கிற பொலிகுதிரை. கடல் தாண்டி வந்தது. அதற்கு மின்விசிறி உண்டு, கொசுவலை உண்டு, குளம்புக்குத் தனி எண்ணெய் உண்டு. இப்பேர்ப்பட்ட உடம்பை மனசில்லாத ஒரு பெண்குதிரை உதைத்துவிட்டால்? மனசில்லாத பெண்குதிரை உதைக்கத்தான் செய்யும். அதனால் துரைக்கு முன்னால் நாதியற்ற ஓர் ஆண்குதிரையை விட்டு ஆழம் பார்ப்பார்கள். நெஞ்சளவு உயரத்தில் ஒரு சுவர், அதன்மேல் பழைய மெத்தை சுற்றியிருக்கும். இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் பெண்குதிரை. இது கனைக்கும், மோந்து பார்க்கும், மேலுதட்டைச் சுருட்டித் தூக்கிக் காற்றைக் குடிக்கும், கெஞ்சும், கொஞ்சும். உதை விழுந்தால் இதுவே வாங்கிக்கொள்ளும். அவளுக்கு மனசு வந்து, வாலைத் தூக்கிப் பின்னங்காலை அகற்றி நின்றாள் என்றால், உடனே இதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும். துரை வருவார். மாப்பிள்ளைத் தோழன் என்று எந்தக் குறும்புக்காரனோ வைத்த பெயர் தோழன் என்று சுருங்கிவிட்டது. வேலை பார்த்த காலம் முழுக்கத் தோழன் ஒருதரம்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம் போனதில்லை.

"எப்படி மச்சான் செத்துச்சு?"

"சுவர்கிட்டயேதான். செம்பின்னு ஒருத்தி இருக்கா, அவ முன்னாடி நின்னுக்கிட்டிருந்தான். இழுன்னாங்க. இழுத்தேன். வரல. நாலு காலையும் ஊனிக்கிட்டு அவளையே பாத்துக்கிட்டு நின்னான். இன்னும் இழுன்னாங்க. இழுத்தேன் மாப்பிள்ளை. அப்படியே விழுந்துட்டான்." மச்சான் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "டாக்டர் இதயம்னாரு. அதுக்கப்புறம் நான் அந்தக் கயித்தைத் தொடல."

"குழுவே பாத்துச்சுல்ல? அப்புறம் எப்படித் தோழன் இன்னும் பணியில இருக்கான்?"

"அன்னைக்கு நிகழ்ச்சிநிரல்ல சாவு இல்ல. அடுத்த கூட்டத்துல கொண்டுவாங்கன்னுட்டாங்க. அடுத்த கூட்டம் வர்றவரைக்கும் வச்சிருக்க முடியுமா, நாறிடாது? கடைசி அடைப்புல நான்தான் புதைச்சேன். குழு முன்னாடி நேர்ல கொண்டுவந்து நிறுத்தாத விலங்கை நீக்க முடியாதாம். வராத விலங்கு பணியில் இருப்பதாகவே கருதப்படும். விதி."

"தோண்டிக் காட்டலாமே."

"அனுமதியில்லாமப் புதைச்சவன் எவன்னு கேப்பாங்க. பேசாமக் கயித்தைப் பிடி."

இனச்சேர்க்கைப் பருவம் தொடங்கியதும் குழு வந்தது. மூன்று நாற்காலி, மூன்று குடை. நடுவில் இயக்குநர். ஒரு பக்கம் நடத்தை அலுவலர். குதிரைகளின் இயற்கையான நடத்தைக்கு விதிமுறை எழுதியவர் அவர்தான். இன்னொரு பக்கம் டாக்டர், மற்ற இருவரும் பேசி முடித்ததும் தலையாட்டுவதற்காக. மச்சான் செம்பியை அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். செம்பு நிறம், இழைத்த மரம்போல் மினுமினுக்கும் உடம்பு, பெரிய ஈரக்கண்கள். இவன் இந்தப் பக்கம் வெறும் தலைக்கயிற்றை ஒரு குதிரையின் முகம் இருக்கும் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இயக்குநர் எழுந்தார். எதையும் தொடங்குவதற்கு முன் பேசுவது அவர் வழக்கம்.

"இயற்கையை அப்படியே விட்டா என்ன ஆகும்? ஆண்குதிரை நாள்கணக்கா பின்னாடியே சுத்தும். கொஞ்சம் புல்லு மேயும், திரும்பவும் வந்து கேட்கும். அவளுக்கு எப்ப இஷ்டமோ அப்பதான். எவ்வளவு நேர விரயம் பாருங்க! இயற்கைக்கு ஆர்வம் இருக்கு, ஒழுங்கு கிடையாது. அந்த ஒழுங்கை நாமதான் அதுக்குச் சொல்லிக் குடுக்கறோம். தொடங்கலாம்."

"தோழன் கனைக்கட்டும்" என்றார் நடத்தை அலுவலர்.

யாரும் கனைக்கவில்லை. மெத்தையின்மேல் ஓர் ஈ உட்கார்ந்து பறந்தது. நடத்தை அலுவலர் கொஞ்சம் பொறுத்தார். "கனைத்ததாகக் கருதுவோம்" என்றார். டாக்டர் தலையாட்டினார்.

அப்போது செம்பியின் இரண்டு காதுகளும் முன்னால் திரும்பின. அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தூக்கிப் பிடித்திருந்த தலைக்கயிற்றுக்குள் பார்த்தாள். மூக்கை நீட்டினாள். தொண்டைக்குள் மெதுவாக ஏதோ சொன்னாள். ஒருமுறை கீச்சென்று கத்தி முன்னங்காலால் தரையைத் தட்டினாள்; பிறகு சுவரின்மேல் சாய்ந்து வாலைத் தூக்கினாள்.

அவன் கையிலிருந்த கயிறு விறைத்தது.

காற்று என்றுதான் முதலில் நினைத்தான். காற்று இப்படி மூச்சு விடாது. அவன் பிடரியில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டு விலகியது, திரும்பவும் பட்டது. கயிறு முன்னால் இழுத்தது. அவன் செருப்பு மண்ணில் வழுக்கியது.

"அருமை. இழு" என்றார் இயக்குநர்.

அவன் இழுத்தான். எதிரே ஒரு பெரிய பாரம் ஊன்றி நின்றது. இன்னும் இழுத்தான். பாரம் விட்டுக்கொடுத்தது, ஆனால் நாலடி வந்தபின் கயிறு தானாக ஒரு பக்கம் வளைந்தது. யாரோ கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் பயந்தான், பயத்தைவிட அதிகமாக, ஏனென்று தெரியாமல், அவனுக்குப் பாவமாக இருந்தது.

பிறகு துரையைக் கொண்டுவந்தார்கள். துரை வாசலிலேயே நின்றுவிட்டது. செம்பிக்குப் பக்கத்தில் யாரும் இல்லாத ஓரிடத்தைப் பார்த்து உடம்பெல்லாம் வியர்த்து நடுங்கியது. இருவர் சேர்ந்து தள்ளினார்கள். பக்கத்தில் வந்ததும் செம்பி பின்னங்கால் இரண்டையும் வீசினாள். துரை தப்பியது. நடத்தை அலுவலரின் குடை தப்பவில்லை.

குழு அங்கேயே கூடியது. சுவர்முன் சம்மதித்துவிட்டுத் துரைமுன் மறுத்தது முரண்பட்ட நடத்தை என்று முடிவாயிற்று. மறுபடி மறுபடி நாள் குறித்தார்கள். ஒவ்வொரு முறையும் சுவரிடம் சம்மதம், துரையிடம் உதை. கடைசியில் செம்பிக்கு அறிவுரை கூற வேண்டும் என்று நடத்தை அலுவலர் யோசனை சொன்னார். மச்சான் அவளை நாற்காலிகளின் முன்னால் நிறுத்தினார். இயக்குநர் அவளிடம் நேராகவே பேசினார்.

"இங்க பாரு. உனக்குன்னு ஒரு விருப்பம் இருக்கலாம், நான் மறுக்கல. இயற்கைமுறை நிலையம் இது, விருப்பத்தை நாங்க மதிக்கறோம். அதனாலதான் உன் விருப்பத்தைக் கேட்கறதுக்கே தனியா ஒரு குதிரை வச்சிருக்கோம். கேட்டோம். சரின்னு சொன்னே. யாரைன்னு நாங்க கேட்கவே இல்லையே! கேட்காத கேள்விக்கு நீ பதில் சொல்லலாமா? இந்தப் பருவத்துக்குள்ள சினை பிடிக்கலன்னா உன்னை வச்சுக்க முடியாது. இறைச்சிக் குத்தகைக்காரர் லாரி வரும். யோசி."

செம்பி இயக்குநரின் தோளுக்கு மேலே, கடைசி அடைப்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையை அவன் கவனித்தான்.

அன்று சாயங்காலம் மனைவி அவன் சட்டையை வாங்கி மோந்து பார்த்தாள்.

"என்னங்க இது, இப்படி ஒரு வாசனை?"

"குதிரை வாசனைதான். வேறென்ன வரும் அங்க?"

"அண்ணன் சட்டையிலயும் குதிரை வாசனை வரும். இது அது இல்ல. தோண்டின மண்ணு வாசனை."

அவன் செருப்பை உதறிவிட்டு உட்கார்ந்தான். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் சட்டையை மடியில் வைத்து மடித்தாள். முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே கதவு கிடையாது, ஒரு துணிதான் தொங்கியது. அவர்கள் பேசுவதெல்லாம் எப்போதும் மூச்சுக் குரலில்தான்.

"நிரந்தரமானா வீடு குடுப்பாங்கன்னு அண்ணன் சொல்லுது. கதவு வச்ச வீடு" என்றாள். "அது வேணும்தான். ஆனா அவனை இழுக்காதீங்க. ஒருத்தன் செத்த பிறகுமா இழுப்பாங்க?"

"இழுக்கலன்னா வேலை போயிடும்."

"போயிடும்தான்" என்றாள் அவள்.

குழு சாப்பிடப் போகும் உச்சி நேரத்தில் வளாகம் வெறிச்சோடிக் கிடக்கும். ஒருநாள் அந்த நேரத்தில் தண்ணீர் வாளியோடு கடைசி அடைப்புக்குப் போனவன் வேலிக்கு இப்பால் நின்றுவிட்டான். அங்கேதான் தோழனைப் புதைத்திருந்தார்கள். அந்த மேட்டில் மட்டும் புல் நல்ல பச்சையாக இருக்கும். செம்பி தனியாக மேய்ந்துகொண்டிருந்தாள்.

அவளுக்குக் கொஞ்ச தூரத்தில் புல் மடங்கி நிமிர்ந்தது. மறுபடி ஓரடி தள்ளி மடங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அவளைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டு வந்தது. அவள் தலையைத் தூக்காமல் காதை மட்டும் பின்னால் மடக்கினாள். மடங்கிய புல் அங்கேயே நின்றது. காத்துக்கொண்டிருந்தது. அவள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது, நின்றால் நின்றது. வெகுநேரம் கழித்து அவள் திரும்பி மூக்கை நீட்டினாள். வெறும் காற்றில் இன்னொரு மூக்கை அவள் தொட்டாள் என்று அவனால் சத்தியம் செய்ய முடியும். கீச்சென்று கத்தினாள், காலால் தட்டினாள், விலகினாள். அதுவும் விலகியது. யாரும் யாரையும் இழுக்கவில்லை. மறுபடியும் மேய்ச்சல், மறுபடியும் மெதுவாக ஒரு வட்டம். அவளே கடைசியில் நடந்துபோய் அந்தப் பச்சை மேட்டின்மேல் நின்று, வாலை ஒதுக்கி, காலை அகற்றி ஊன்றிக்கொண்டாள். அவள் முதுகு பாரத்தில் தாழ்ந்தது. பிடரிமயிர் ஓரிடத்தில் மட்டும் அழுந்தியது.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறர் வீட்டு உள்ளறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டதுபோல் கூசிற்று. இரண்டு குளம்படிகள் மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு ஓசைப்படாமல் திரும்பினான்.

பருவம் முடிந்தது. சில மாதங்களில் செம்பியின் வயிறு இறங்கிப் பருத்தது. டாக்டர் சோதித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாகத் தானாக வாய் திறந்தார்.

"சினை, சார்."

"யாரோட?" என்றார் இயக்குநர்.

"அது தெரியாது சார். ஆனா குட்டி இருக்கு. கைக்குத் தட்டுப்படுது."

"டாக்டர், குழு முன்னாடி ஏதாவது நடந்துச்சா? இல்ல. குழு பாக்காதது இயற்கை ஆகுமா? ஆகாது. இயற்கையா நடக்காம இயற்கைமுறை நிலையத்துல சினை எப்படி வரும்? நீங்க கையால தடவிச் சொல்றீங்க, நான் கொள்கையா சொல்றேன். எது பெருசு?"

டாக்டர் தலையாட்டினார். வயிற்று உப்புசம் என்று முடிவாயிற்று. இறைச்சிக் குத்தகைக்காரருக்குச் சொல்லியனுப்ப வேண்டியதுதான் என்று இயக்குநர் எழுந்தபோது, உப்புசம் உள்ள விலங்கை விற்கக் கூடாதே என்று நடத்தை அலுவலர் ஞாபகப்படுத்தினார். முதலில் குணமாக வேண்டும். ஆகவே செம்பிக்கு மாதக்கணக்கில் ஓமமும் விளக்கெண்ணெயும் உப்புசத்துக்கென்று வந்தன. மச்சானும் அவனும் அவற்றை வேலியோரம் கொட்டிவிட்டு நல்ல கொள்ளாகப் பார்த்து அவளுக்கு ஊட்டினார்கள். உப்புசம் உள்ளிருந்து உதைத்தது. அவன் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். வைக்கும்போதெல்லாம் பிடரியில் அந்த மூச்சு படும். இப்போது அவனுக்குப் பயமாக இல்லை. இடத்தை விட்டு லேசாக நகர்ந்து நின்றுகொள்வான்.

அடுத்த பருவம் தொடங்க இருந்த ஒரு விடியலில் அவன் அடைப்புக்குப் போனபோது உப்புசம் நான்கு கால்களில் நின்றுகொண்டிருந்தது. நனைந்த ஆண்குட்டி. மங்கிய பழுப்பு நிறம். வலது காதின் நுனியில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை.

மச்சான் பார்த்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டார். "தோழன் காது மாப்பிள்ளை. அவன் சின்னதுல வேலிக்கம்பில கிழிச்சுக்கிட்டது. கிழிஞ்ச காது எங்கயாவது குட்டிக்கு வருமா?" என்றார்.

குழு வந்தது. இயக்குநர் முதலில் செம்பியின் வயிற்றைப் பார்த்தார். "உப்புசம் குணமாயிடுச்சு. நல்ல சிகிச்சை" என்றார். பிறகு குட்டியைப் பார்த்தார். அவருடைய முகம் சுண்டியது. பிறக்கவே முடியாது என்று குழு முடிவு செய்திருந்த ஒன்று அவருடைய காலணியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

நடத்தை அலுவலர்தான் குனிந்து காதைக் கவனித்தார். அவருக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"சார், இது புதுசு இல்ல. இது நம்ம தோழன்!"

"தோழனா? இவ்வளவு சின்னதா?"

"காதைப் பாருங்க, நிறத்தைப் பாருங்க. பணியில இருக்கறவன்தானே. ரொம்ப நாளா ஒழுங்கா தீனி எடுக்கல போல, இளைச்சுட்டான்."

இயக்குநரின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "பாத்தீங்களா டாக்டர்! எத்தனை பேர் எத்தனை விதமாப் பேசினாங்க, தோழன் செத்துட்டான், புதைச்சுட்டாங்கன்னு. நான் நம்பவே இல்ல. நிர்வாகத்துக்கு முதல்ல வேண்டியது நம்பிக்கை. இதோ, குழு முன்னாடி நேர்லயே வந்து நிக்கறான். நாளையிலேர்ந்து சுவருக்கு அனுப்புங்க. செம்பி குணமாயிட்டதால லாரிக்குச் சொல்லிடுங்க, நாளைக்கே வந்து ஏத்திக்கட்டும்."

"சார், அது குட்டி சார், பால் குடிக்குது" என்றான் அவன். குழுவிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

இயக்குநர் கனிவாகத் திரும்பினார். "தற்காலிகம், உன்னை நான் கவனிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். குதிரையே இல்லாத காலத்துலயும் கயித்தைக் கீழ போடாம நின்னவன் நீ. உன்னை நிரந்தரமாக்கணும்னு சொல்லியிருக்கேன். வாயைக் குடுத்துக் கெடுத்துக்காத. இப்பவே சுவர்கிட்ட கொண்டுபோய்க் கட்டு."

வீடு அவன் கண்முன் வந்தது. கதவு வைத்த வீடு. தன் கையாலேயே தோழனின் தலைக்கயிற்றைக் குட்டியின் முகத்தில் மாட்டினான். அது பெரிதாகத் தொளதொளத்தது. மச்சான் ஆணியால் வாரில் புதுத் துளை போட வேண்டியிருந்தது. குட்டியைச் சுவரோரம் கட்டினார்கள். அது அம்மாவைக் கூப்பிட்டது. கடைசி அடைப்பிலிருந்து செம்பி பதில் சொன்னாள். கூப்பிடுவதும் பதிலுமாக முற்பகல் முழுக்க நீண்டது. அவன் வாளியோடு எங்கே போனாலும் அந்தச் சத்தம் கூடவே வந்தது. அது மட்டுமல்ல. அவன் நின்ற இடமெல்லாம் ஒரு மூச்சு பின்னால் வந்து நின்றது. இந்த முறை அது அவனைத் தள்ளியது, தோள்பட்டையில், நெற்றியால் முட்டித் தள்ளுவதுபோல. இப்படித்தான் இருக்கப்போகிறது என்று அவனுக்குப் புரிந்தது. செத்தவன் திரும்பி வந்து பெற்ற பிள்ளையையும் அதே சுவரில் கட்டியாயிற்று. காலமெல்லாம் இதையும் அவனே இழுப்பான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்தாலும் இந்தச் சத்தம் கேட்கும்.

உச்சி நேரம் வந்தது. குழு சாப்பிடப் போயிற்று. அவன் குட்டியை அவிழ்த்துக் கடைசி அடைப்புக்கு நடத்திக்கொண்டு போனான்.

கடைசி அடைப்பின் வேலிக்கு அப்பால் வறண்ட ஆற்றுப்படுகை. அதற்கு அப்பால் ஆள் நடமாட்டம் இல்லாத புல்வெளி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும். அவன் வேலியின் குறுக்குக் கம்புகளை ஒவ்வொன்றாக உருவினான். மச்சான் ஓடி வந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். மச்சான் மறுமுனைக் கம்பைப் பிடித்து உருவினார். அவன் குட்டியின் தலைக்கயிற்றைக் கழற்ற, செம்பியுடையதை அவரே கழற்றினார்.

குட்டி அம்மாவிடம் போனதும் பால் குடித்தது. அது குடித்து முடிக்கும்வரை இருவரும் பொறுத்திருந்தார்கள். பிறகு செம்பி வேலியைத் தாண்டினாள். குட்டி அவள் விலாவை ஒட்டிக்கொண்டு தத்தித் தத்திப் போயிற்று. ஆற்று மணலில் அவள் குளம்புகளின் புழுதி எழுந்தது. அருகே குட்டியின் சின்னப் புழுதி. இரண்டுக்கும் பின்னால், சற்று விலகி, மூன்றாவதாக ஒரு புழுதி எழுந்தது. செம்பி தயங்கி நின்றபோது அது பின்னாலிருந்து நெருங்கியது. அவள் உடனே நடந்தாள். முன்னால் போகாமல், வழி காட்டாமல், தன்னுடையவர்களைப் பின்னாலிருந்து ஓட்டிக்கொண்டு அது போயிற்று.

"போறான் மாப்பிள்ளை" என்றார் மச்சான். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் சுவர் வேலை. மச்சான் அந்தப் பக்கம் செம்பியின் வெறும் தலைக்கயிற்றைத் தூக்கிப் பிடித்து நின்றார். இவன் இந்தப் பக்கம் தோழனுடையதை. லாரி வாசலில் நின்றது. இயக்குநர் நாற்காலிக்கு வந்தார். அந்தக் கயிற்றைப் பார்த்தார், இந்தக் கயிற்றைப் பார்த்தார், தூரத்தில் கம்பில்லாத வேலியைப் பார்த்தார். தன் பொறுப்பில் இருந்த இரண்டு விலங்குகள் காணாமல் போனால் யாரைக் கேட்பார்கள் என்ற கணக்கு அவர் முகத்தில் ஓடி முடிந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செம்பி வந்தாச்சா?"

"வந்தாச்சு சார்" என்றார் மச்சான்.

"வராவிட்டாலும் பணியில் இருப்பதாகவே கருதப்படும்" என்றார் நடத்தை அலுவலர், யாருடைய கண்ணையும் பார்க்காமல்.

"பணியில இருக்கற விலங்கை விக்க முடியாது. லாரியைத் திருப்பி அனுப்புங்க. தொடங்கலாம்" என்றார் இயக்குநர்.

அவன் தலைக்கயிற்றை உயர்த்திப் பிடித்துக் காத்திருந்தான். கயிறு வெறுமனே தொங்கியது. பிடரியில் மூச்சு இல்லை. கொஞ்சம் பொறுத்தால் வரும் என்று தன்னை அறியாமல் எதிர்பார்த்தான், வரவில்லை. இத்தனை காலம் பயந்து பயந்து பிடித்துக்கொண்டிருந்த பாரம் இப்போது இல்லை என்றதும் அவனுக்கு அழுகை முட்டியது. போனதுதான் நல்லது, போகத்தான் வேலியைத் திறந்தோம் என்று நினைத்தும் மனசு ஆறவில்லை.

"என்ன, தோழன் இன்னைக்கு மந்தமா இருக்கான்?" இயக்குநரின் புருவம் நெரிந்தது. "வேற ஏதாவது கோளாறா? ஆளை விட்டு நல்லாப் பாக்கச் சொல்லணுமா?" அவருடைய பார்வை ஆற்றுப்படுகைப் பக்கம் போயிற்று.

ஆள் போகக் கூடாது. யாரும் அந்தப் பக்கம் தேடிப் போகக் கூடாது. அவன் கால்களை மண்ணில் ஊன்றினான். தன் மணிக்கட்டாலேயே கயிற்றை முன்னால் வெட்டி இழுத்தான். சுவரின்மேல் சாய்ந்து கழுத்தை நீட்டினான். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அவன் அதைத் திட்டமிடவில்லை.

"பாத்தீங்களா!" இயக்குநர் தொடையில் தட்டினார். "இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் இயற்கையா இருக்கு. அருமை. சம்மதம் கிடைச்சாச்சு. இழு."

அவன் ஒரு கையால் முரண்டு பிடித்துக்கொண்டு மறுகையால் இழுத்தான். நாலடி பின்னால் வந்தான். தோழன் எப்போதும் நிற்கும் அந்த இடத்தில் நின்று, கழுத்தை வளைத்து, ஒருதரம் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.